மரப்பாலம் தாண்டினால் உரசும் டயர்: எந்த வழி, என்ன செலவு?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது கல்லார் வரை ஒரு சத்தமும் வராது. மரப்பாலம் தாண்டி, பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் அரிசி மூட்டையுமாக, இடதுபக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும்போது வலது முன்பக்கத்திலிருந்து ‘ர்ர்ரக்’ என்று கேட்கும். அடுத்த வளைவில் மறுபடியும். குன்னூர் வந்து இறங்கிப் பார்த்தால் டயரின் தோளில், அதாவது ரோட்டைத் தொடும் பகுதி பக்கச்சுவரோடு சேரும் ஓரத்தில், விரல் அகலத்துக்குப் பளபளவென்று ஒரு கறுப்புக் கோடு. மட்கார்டின் உள்மடிப்பைத் தடவினால் அழிரப்பர் தூள் போலச் சுருள் சுருளாக ரப்பர் கையோடு வரும்.

என் வண்டியில் இது இரண்டு வருடம் முன்பு நடந்தது. கோவையில் ஒரு கடையில் அகலமான அலாய் ரிம் மாட்டினேன். கடைக்காரர் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து மெயின் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். உரசவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. சமவெளியில் அது உரசாது. முழு ஒடிப்பு, முழு லோடு, ரோட்டில் ஒரு பள்ளம் இந்த மூன்றும் ஒரே நொடியில் சேர்ந்தால்தான் உரசும். கோவையில் முழுசாக ஒடிப்பது பார்க்கிங்கில், ஆள் இல்லாத வண்டியில், நடை வேகத்தில். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் வழியில் மட்டும் 14 கொண்டை ஊசி வளைவுகள். ஊட்டியிலிருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36.

இப்போது குன்னூர், கோத்தகிரிப் பக்கம் தெரிந்தவர்கள் நாலைந்து பேர் இதே கேள்வியோடு வருகிறார்கள். டயரை மாற்றுவதா, மட்கார்டை மடிப்பதா, ரிம்முக்குப் பின்னால் ஸ்பேசர் என்ற தகட்டு வளையம் போடுவதா, பேசாமல் பழைய ரிம்முக்கே போய்விடுவதா? கேட்ட கடைகளில் டயர் கடை டயர் மாற்றச் சொல்கிறது, டிங்கரிங் பட்டறை மடிக்கச் சொல்கிறது, ஆக்சசரீஸ் கடை ஸ்பேசரை எடுத்து மேஜையில் வைக்கிறது. அதனால்தான் குழப்பம்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால்

ரிம்மின் பின்புறத்தைத் துடைத்துப் பாருங்கள். அகலம் ‘ஜே’ (J) என்ற எழுத்தோடும், ஆஃப்செட் ‘இடி’ (ET) என்ற எழுத்துகளோடும் வார்ப்பிலேயே இருக்கும். ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியில் உட்காரும் முகம் எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்ற அளவு. என் பழைய ரிம் 5.5ஜே, இடி 45. புதியது 7ஜே, இடி 35. ஒன்றரை அங்குலம் கூடுதல் என்றால் 38 மி.மீ.; அதில் பாதி, 19 மி.மீ., உள்ளேயும் வெளியேயும் போகிறது. ஆஃப்செட் 10 குறைந்ததால் முழு ரிம்மும் 10 மி.மீ. வெளியே தள்ளிவிட்டது. கூட்டிக் கழித்தால் ரிம்மின் வெளிவிளிம்பு 29 மி.மீ. வெளியே, உள்விளிம்பு 9 மி.மீ. உள்ளே. கடையில் “கொஞ்சம் அகலம் சார், அவ்வளவுதான்” என்றார்கள். அந்தக் கொஞ்சம் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு மேல்.

அடுத்தது டயர். கம்பெனி போட்டது 185/65 ஆர்15; 185 என்பது மில்லிமீட்டரில் அகலம், 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். கடையில் மாட்டியது 205/65 ஆர்15. “அந்த 65 அப்படியே இருக்கு பாருங்க, உயரம் மாறாது” என்று நம்பிக்கையோடு சொன்னார். மாறும். 65 என்பது மில்லிமீட்டர் இல்லை, அகலத்தில் 65 சதவீதம். 185க்கு அது 120 மி.மீ.; 205க்கு 133. டயரின் மொத்த விட்டம் 621.5 மி.மீ.யிலிருந்து 647.5க்குப் போய்விட்டது. நான்கு சதவீதத்துக்கும் மேல். ஸ்பீடோமீட்டரில் முன்பு 60 காட்டிய இடத்தில் இப்போது வண்டி இரண்டரை கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் ஓடும். அதைவிட, ஏற்றத்தில் ஒவ்வொரு கியரும் நான்கு சதவீதம் ‘கனமாக’ இருக்கும். முன்பு இரண்டாவதில் முனகாமல் ஏறிய வளைவில் முதல் கியருக்கு இறங்க வேண்டியிருந்தது. அப்போது எனக்குக் காரணம் தெரியவில்லை. பெட்ரோல் பங்கைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

எதை வைத்து முடிவெடுப்பது

நான் பார்ப்பது இவ்வளவுதான். உரசும் இடம் எது: வெளிப்பக்க மட்கார்டா, மட்கார்டுக்கு உள்ளே முன்புறம் இருக்கும் பிளாஸ்டிக் லைனரா, உள்ளே ஷாக் அப்சார்பரா? தீர்வுக்குப் பிறகும் ஸ்டீயரிங் முழுசாக ஒடியுமா? இரண்டு மழைக்காலம் பார்க்கும் ஊரில் தகரம் துருப்பிடிக்காமல் தாங்குமா? பிடிக்காவிட்டால் பழையபடி ஆக்க முடியுமா? கடைசியாகத்தான் பணம், அதுவும் பில்லில் எழுதாத பணம்.

இதில் முதல் கேள்விக்குப் பதில் இல்லாமல் எந்தக் கடைக்கும் போகாதீர்கள். கண்டுபிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். முதலில் ஓட்டுநர் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்று பிடியுங்கள். காற்று குறைந்த டயர் பக்கவாட்டில் புடைத்து, இல்லாத உரசலைக் காட்டும். (மேட்டுப்பாளையத்தில் பிடித்த காற்று ஊட்டியில் கூடுமா குறையுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். உயரத்தால் மீட்டரில் மூன்று பி.எஸ்.ஐ. போலக் கூடும், 20 டிகிரி குளிரால் கிட்டத்தட்ட அதே அளவு குறையும். ஒன்றுக்கொன்று சரியாகிவிடும்.) பிறகு மட்கார்டின் உள்விளிம்பு முழுக்கச் சாக்பீஸ் பூசி, நாலு பேரை ஏற்றி, ஒரு வளைவுப் பாதையில் ஏறி இறங்குங்கள். அழிந்த இடம் உரசும் இடம்.

உள்பக்கத்துக்கு என் மனைவி சொன்ன வழி: சப்பாத்தி மாவு. எலுமிச்சை அளவு உருண்டையை ஷாக்குக்கும் டயருக்கும் நடுவில் ஷாக்கின் மேல் ஒட்டி, வண்டியை ஜாக்கிலிருந்து இறக்கி, மெதுவாக இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, பிறகு மாவின் தடிமனை அளந்தோம். ஆறு மில்லிமீட்டர் இருந்தது. உள்ளே பிரச்சினை இல்லை என்று அந்த உருண்டைதான் சொன்னது. அன்று மட்டும் சப்பாத்தி ஒன்று குறைந்தது.

சரியான அளவு டயருக்கு மாறுவது

என் முடிவு இதுதான், ஆகவே பாரபட்சம் இருக்கும் என்று முன்னமே சொல்லிவிடுகிறேன்.

ரிம் நன்றாக இருக்கிறது, டயர்தான் பெரிது என்றால் ரிம்மை வைத்துக்கொண்டு டயரை மாற்றலாம். 205/60 ஆர்15 போட்டால் விட்டம் 627 மி.மீ.; பழையதைவிட ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம். 195/60 ஆர்15 என்றால் 615, ஒரு சதவீதம் குறைவு. பழைய அளவிலிருந்து இரண்டு மூன்று சதவீதத்துக்குள் இருந்தால் போதும் என்பது டயர்காரர்களின் பொது வழக்கம். 195 என்றால் அகலத்திலும் பக்கத்துக்கு ஐந்து மி.மீ. மிச்சம், உயரத்தில் மேல்பக்கம் 16 மி.மீ. மிச்சம். என் உரசலில் முக்கால்வாசி அந்த 16இல் போய்விட்டது.

பார்க்க வேண்டியது இரண்டு. ஒன்று, லோடு இண்டெக்ஸ், அதாவது டயர் தாங்கும் எடையைக் குறிக்கும் எண். அளவுக்குப் பக்கத்தில் 88 என்று இருந்தால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்று பொருள். பழைய டயரில் இருந்த எண்ணுக்குக் கீழே போகக்கூடாது. இரண்டு, ரிம் அகலம். 195/60க்கு 7ஜே என்பது அனுமதிக்கப்பட்ட மேல்வரம்பு. அதற்கு மேல் அகலமான ரிம்மில் குறுகிய டயரை இழுத்து மாட்டித் தருகிறேன் என்பவர் கடையிலிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

மறைமுகச் செலவு: நான்கு புதிய டயர், ஒன்று 5,000 ரூபாய்க்கு மேல், பழையதை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் பாதிகூட வராது. டயரின் பக்கச்சுவர் ரிம்மோடு செங்குத்தாக நிற்பதால் நடைபாதைக் கல்லில் முதலில் ரிம்தான் கீறும். என்னுடையதில் ஏற்கெனவே இரண்டு கீறல், இரண்டும் குன்னூர் பெட்ஃபோர்டில் ஒரே கடை வாசலில். வெளியே 10 மி.மீ. தள்ளிய ஆஃப்செட் அப்படியே இருப்பதால் பேரிங்கின் மேல் கூடுதல் சுமையும் அப்படியே இருக்கும்.

இது யாருக்கு: உயரம் தவறாகப் போட்டு ஏமாந்தவர்கள், டயர் தேய்ந்து எப்படியும் மாற்றப்போகிறவர்கள். புதிய 205ஐ 500 கிலோமீட்டர்கூட ஓட்டவில்லை என்றால் மனசு ஒப்பாது, எனக்கும் ஒப்பவில்லை. நாலு மாதம் உரசலோடு ஓட்டினேன். அது தப்பு. தோளில் ரப்பர் தேய்ந்தால் தையல் போடலாம், ஒட்டுப் போடலாம் என்பதெல்லாம் ரோட்டைத் தொடும் டிரெட்டுக்குத்தான். பக்கச்சுவரில் ஒட்டு கிடையாது.

மட்கார்டு உள்மடிப்பை மடிப்பது

மட்கார்டின் விளிம்பில் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் மடிப்பை, சக்கரம் உட்காரும் ஹப்பில் மாட்டும் ஒரு ரோலரால் மேல்நோக்கி அமுக்கிவிடுவது. சாக்பீஸ் அழிந்தது அந்த மடிப்பில் மட்டும், அதுவும் சில மில்லிமீட்டர்தான் என்றால் இதுதான் நேரடி மருந்து. ஸ்டீயரிங் முழுசாக ஒடியும், ஸ்பீடோமீட்டர் மாறாது, டயருக்குப் பணம் இல்லை.

ஆனால் மலையில் இது தகர வேலை என்பதை மறக்கக்கூடாது. குளிர்ந்த பெயின்டை மடித்தால் நகத்தால் கீறின மாதிரி வெடிக்கும். ஹீட் கன்னால் கை வைத்தால் சுடும் அளவுக்குக் காயவைத்து, ஒரே அமுக்காக இல்லாமல் மூன்று நாலு தடவையாக மடிக்க வேண்டும். எங்கள் ஊர் டிங்கரிங் அண்ணன் முன்பக்கத்துக்கு மட்டும் சம்மதித்தார். பின்பக்கம் கேட்டபோது, “பின்னாடி ரெண்டு தகடு ஸ்பாட் வெல்டிங்ல சேர்ந்திருக்கு சார். நடுவுல சீலன்ட் இருக்கும். மடிச்சா அது பிளந்துரும். நவம்பர் மழைல தண்ணி உள்ள போயி அடுத்த வருஷம் பொரிஞ்சு வரும்” என்றார். கோவையில் ஒருவர் பின்பக்கமும் ஒரு மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்றார். இருவருமே தங்கள் ஊருக்குச் சரியாகத்தான் சொன்னார்கள். குன்னூரில் பனியும் தூறலும் காலை பத்து மணி வரை தகரத்தை விட்டுப் போகாது.

மடித்தே தீர்வது என்றால் அன்றே துத்தநாகம் கலந்த பிரைமர், டச்சப் பெயின்ட், மேலே அடிக்கோட்டிங் மூன்றும் போடச் சொல்லுங்கள். பெயின்ட் வெடித்தால் மட்கார்டு முழுக்க அடிக்க வேண்டிவரும். பில்லில் வராத செலவு அதுதான். பிறகு வண்டியை விற்கும்போது பார்க்க வருகிறவர் அந்த மடிப்பைத் தடவிப் பார்த்து “ஆக்சிடென்ட் வண்டியா?” என்று கேட்பார். திரும்ப நிமிர்த்த முடியாது.

லைனரை வெட்டுவது, நகர்த்துவது

முழு ஒடிப்பில் மட்டும், முன்புறப் பிளாஸ்டிக்கில் மட்டும் உரசினால் இது போதும். கிளிப்பைக் கழற்றி, ஹீட் கன்னால் இளக்கி, உள்பக்கமாகத் தள்ளி மறுபடி கிளிப் போடுவது. நானும் டயர் மாற்றிய பிறகு மிச்சமிருந்த லேசான உரசலுக்கு இதைத்தான் செய்தேன். சில நூறு ரூபாய். வெட்டுவதைவிட வளைப்பது மேல். வெட்டிய ஓட்டை வழியாகச் சேறும் தேயிலைத் தோட்டத்து எலியும் உள்ளே வரும். இதில் நான் விளையாடவில்லை, ஒயரிங் கடிபட்ட வண்டியைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்பேசர்

இதைப் பற்றி வரும் கேள்விகளில் பாதி தலைகீழாக இருக்கின்றன. ஸ்பேசர் ரிம்மை வெளியே தள்ளும். வெளியே மட்கார்டில் உரசுகிற வண்டிக்கு ஸ்பேசர் போட்டால் இன்னும் நன்றாக உரசும். உள்ளே ஷாக்கில் அல்லது சக்கரத்தைத் தாங்கும் ஆர்மில் உரசினால் மட்டும்தான் இதற்கு வேலை.

அந்த இடத்திலும் நான் தயங்குவேன். 5 மி.மீ. ஸ்பேசர் போட்டால் நட்டு அதன் மரைத்தண்டான ஸ்டட்டில் ஏறும் அளவு 5 மி.மீ. குறைகிறது. 12 மி.மீ. ஸ்டட்டில் நட்டு குறைந்தது 12 மி.மீ.யாவது ஏற வேண்டும் என்பது கைவழக்கம். மரை இடைவெளி 1.5 என்றால் எட்டு சுற்று, 1.25 என்றால் ஒன்பதரை. நட்டைக் கையால் சுற்றி எண்ணிப் பாருங்கள். குறைந்தால் நீள ஸ்டட் மாற்றாமல் ஒரு அடி நகர்த்தக்கூடாது. ஹப்பின் நடுவட்டத்தில் கச்சிதமாக உட்காராத ஸ்பேசர், நட்டின் பிடியில் மட்டும் ரிம்மைத் தொங்கவிடும். இறக்கத்தில் மணிக்கணக்கில் பிரேக்கும் இன்ஜின் பிரேக்குமாக வரும் வண்டிக்கு அது வேண்டாத விளையாட்டு. சரியான ஆஃப்செட் ரிம்முக்கு அதே கடையில் மாற்றிக்கொள்ள முடிகிறதா என்று முதலில் கேளுங்கள்.

கேம்பர் சாய்ப்பது, ஸ்பிரிங் பஃபர் போடுவது

சேர்த்தே சொல்லிவிடுகிறேன். கேம்பர் என்பது முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் சக்கரத்தின் சாய்வு. முன்சக்கரத்தை ஒரு டிகிரி உள்ளே சாய்த்தால் டயரின் மேல்முனை மையத்தைவிட 5 மி.மீ. போல உள்ளே போகும். டயரின் உள்ஓரம் சீக்கிரம் தேயும். பெரும்பாலான ஹேட்ச்பேக்குகளில் பின்பக்கம் டார்ஷன் பீம், அதாவது இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே உத்தரம். அங்கே கேம்பர் மாற்ற இடமே இல்லை.

ஸ்பிரிங்கின் நடுவில் செருகும் ரப்பர் பஃபர் லோடில் பின்பக்கம் தாழ்வதைக் குறைக்கும், சவாரியைக் கட்டைவண்டியாக்கும். பத்து வருட வண்டியில் லோடு ஏற்றினால் மட்டும் பின்பக்கம் உரசுகிறது என்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். புது ஸ்பிரிங் போட்டுப் பாருங்கள், பஃபருக்குக் கொடுக்கும் பணம் மிச்சம்.

ஒடிப்பைக் குறைப்பது

ஸ்டீயரிங் ரேக்கின் முனையில் ஒரு வளையம் மாட்டி, சக்கரம் முழுசாகத் திரும்பாமல் தடுப்பது. விலை மிகக் குறைவு, உரசலும் நிச்சயம் நிற்கும். சமவெளியில் யூ-டர்ன் எடுக்க இன்னொரு முறை ரிவர்ஸ் போட வேண்டிவரும், அவ்வளவுதான்.

இங்கே வேண்டவே வேண்டாம். கொண்டை ஊசியில் ஒரே ஒடிப்பில் திரும்பிய வண்டி, பாதியில் நின்று, பின்னால் அரசு பஸ் நிற்க, ஏற்றத்தில் ரிவர்ஸ் எடுத்து மறுபடி முன்னே வர வேண்டும். மலைப்பாதையில் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. அந்த முன்னுரிமையை வைத்துக்கொண்டு நடு வளைவில் நிற்பது எப்படி இருக்கும் என்று கல்லட்டியில் ஒருமுறை நின்றவருக்குத் தெரியும். தெரிந்த ஒரு பையன் இதை மாட்டிக்கொண்டு வந்து, இரண்டாம் நாளே கழற்றினான்.

பழைய ரிம்முக்குத் திரும்புவது

யாரும் கேட்க விரும்பாத பதில். மசினகுடிக்கு வாராவாரம் போகிறவர், எஸ்டேட் ரோட்டில் ஓட்டுகிறவர், வாரம் முழுக்க குடும்பத்தோடும் மூட்டையோடும் ஏறி இறங்குகிறவர் இவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததற்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக்கூடாது. டயர் மட்கார்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கும் வண்டி செக்போஸ்ட்டில் கண்ணில் படும். விபத்தானால் இன்சூரன்ஸ் சர்வேயர் கண்ணிலும் படும். ரிம்மை வைத்துக்கொள்வதானால் பாலிசி புதுப்பிக்கும்போது எழுத்தில் தெரியப்படுத்துங்கள்.

மறைமுகச் செலவு: அலாயைப் பாதி விலைக்கு விற்பது, பக்கத்து வீட்டுக்காரர் கேலி.

| வழி | எந்த உரசலுக்கு | ஒடிப்பு முழுசாக? | திரும்ப முடியுமா? | என் தீர்ப்பு |
|---|---|---|---|---|
| டயர் அளவு | உயரம், தோள் | ஆம் | ஆம் | முதலில் இது |
| மட்கார்டு மடிப்பு | வெளி மடிப்பு | ஆம் | இல்லை | முன்பக்கம் மட்டும் |
| லைனர் | பிளாஸ்டிக் | ஆம் | வளைத்தால் ஆம் | மிச்சத்துக்கு |
| ஸ்பேசர் | உள்பக்கம் | ஆம் | ஆம் | தயக்கம் |
| கேம்பர் | சில மி.மீ., முன்பக்கம் | ஆம் | ஆம் | துணைக்கு |
| ஒடிப்புத் தடை | முழு ஒடிப்பு | இல்லை | ஆம் | மலையில் வேண்டாம் |
| பழைய ரிம் | எல்லாம் | ஆம் | அதுவே திரும்புதல் | லோடு வண்டிக்கு |

ஸ்டெப்னியை மறந்துவிட்டோம்

ரிம்மை மாற்றுகிற எல்லோரும் மறக்கிறது இது. டிக்கியில் இருப்பது பழைய ஸ்டீல் ரிம், பழைய அளவு டயர். 205/65 ஓடும் வண்டியில் அதை மாட்டினால் ஒரே அச்சில் விட்டத்தில் 26 மி.மீ. வித்தியாசம்; முன்சக்கரம் என்றால், குன்னூரை அடுத்த காட்டேரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரென்ஷியல் ஓயாமல் வேலை செய்யும். 195/60 போட்ட பிறகு வித்தியாசம் ஆறரை மி.மீ.தான், பங்சர் கடை வரை தாங்கும்.

இன்னொன்று நட்டு. அலாய்க்குத் தந்த நட்டு பல செட்டுகளில் ஸ்டீல் ரிம்மின் குழியில் சரியாக உட்காராது. இதை நான் பர்லியாரில், இரவு எட்டு மணிக்கு, பனியில் செல்போன் வெளிச்சத்தில் தெரிந்துகொண்டேன். கம்பெனி நட்டு நான்கும் இப்போது பழைய சாக்ஸ் ஒன்றில் போட்டு, ஜாக்கோடு சேர்த்துக் கட்டி டிக்கியில் கிடக்கின்றன.